தரையில் கிடக்கும் மூட்டை

இந்தியாவில் யூரியா மூட்டையின் எடை 2018 மார்ச் 1 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. சுமப்பவரின் முதுகை நினைத்து யாரும் குறைக்கவில்லை. ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எண்ணித்தான் விவசாயி உரம் போடுகிறார். மூட்டையில் ஐந்து கிலோவைக் கழித்துவிட்டால் வயலில் விழும் யூரியாவும் தானாகக் குறையும் என்பது டெல்லியின் கணக்கு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பைகளில் அடைத்துப் பெயர் அச்சிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. டெல்டா மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பம். சிமெண்டு 50 கிலோ. ஒரு தலைமுறைக்கு முன்பு தானியமும் சர்க்கரையும் 100 கிலோ கோணியில் வந்துகொண்டிருந்தன. வரி, மானியம், சாக்கின் அளவு, லாரியின் கொள்ளளவு, கணக்கெழுதும் வசதி என எத்தனையோ சங்கதிகள் மூட்டையின் எடையை முடிவு செய்கின்றன. அந்தப் பேச்சில் முதுகெலும்புக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் மூட்டை தூக்கிய ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் பேச்சு முழுக்க அவருடைய முதுகைப் பற்றித்தான். "சரியாத் தூக்கலை" என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். அதையே மருத்துவர் சற்று மரியாதையாகச் சொல்வார்: இனிமேல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். இரண்டு தீர்ப்பிலும் குற்றவாளி ஒருவரே, தூக்கியவர். கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. தூக்குகிறவரின் லாகவம் முதுகைக் காப்பது கொஞ்சம்தான். மூட்டை எந்த உயரத்தில் கிடக்கிறது, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு கனம், எத்தனை தடவை தூக்க வேண்டும் என்பவைதான் பெரும்பங்கு. இவற்றில் எதையும் தூக்குகிறவர் முடிவு செய்வதில்லை. களம் கட்டியவர், தராசை வைத்தவர், சாக்கு வாங்கியவர் ஆகியோர் அவர் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

பழைய சந்தைகளில் வெள்ளிக்கோல் என்றொரு நிறைகோல் இருந்தது. பிடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் பெரிய சுமை தொங்கும். கோலின் தூர முனையில் சிறிய எடை. இரண்டும் சமமாக நிற்கும், ஏனென்றால் எடையில் குறைந்ததைத் தூரம் ஈடுகட்டிவிடுகிறது. குனிந்து தூக்கும்போது நம் இடுப்பும் ஒரு வெள்ளிக்கோல்தான், ஆனால் நாம் நஷ்டப்படும் பக்கத்தில் நிற்கிறோம். பிடிக்கயிறு இருக்க வேண்டிய இடத்தில் கீழ்முதுகின் எலும்புக் கணு. மூட்டை அதற்கு முன்னால், நீண்ட கையில். அதைத் தாங்கி இழுக்க வேண்டிய முதுகுத் தசைகளோ கணுவுக்குப் பின்னால் சுமார் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில், குட்டைக் கையில். 40 கிலோ சிப்பம் முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் தூர விகிதம் எட்டு மடங்கு. தசை இழுக்க வேண்டியது 320 கிலோ. குனிந்த உடம்பின் மேற்பாதியும் சுமைதான். 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 30 கிலோ, அதன் நடுப்புள்ளி 20 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்தால் இன்னொரு 120 கிலோ. தசை பின்னால் இழுக்க இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட கணு அவ்வளவையும் அமுக்கமாக வாங்குகிறது. அதே சிப்பத்தை நிமிர்ந்து நின்று மார்போடு அணைத்துப் பிடித்தால், எல்லாம் சேர்ந்தும் 250 கிலோவைத் தாண்டாது. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கீழ்முதுகுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு 3400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 350 கிலோ. ஒரே ஆள், ஒரே மூட்டை. 20 சென்டிமீட்டரும் ஒரு குனிவும் அவரைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிடுகின்றன.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களிலேயே உயிருள்ள மனிதர்களின் முதுகு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999-ல் வில்கேயும் சகாக்களும் ஜெர்மனியில் அதைத் திரும்பச் செய்தார்கள். ஒரு தன்னார்வலரின் வட்டில் சிறிய அழுத்தமானியைப் பதித்து அவரை நிற்க, உட்கார, தூக்க வைத்தார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1; 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்பதால் எண்களைப் பிடித்துத் தொங்கக் கூடாது. திசை தெளிவாகவே இருக்கிறது. நிமிர்ந்து நிற்பவர்கூட எடையைக் கைநீட்டிப் பிடித்தால், முழங்காலை மடக்கித் தூக்குபவரைவிட அதிக அழுத்தத்தை வாங்குகிறார்.

"ஜவ்வு விலகிடுச்சு" என்று ஊரில் சொல்வது இந்த வட்டைத்தான். உண்மையில் வட்டு இடம் மாறிப் போவதில்லை. நடுவே கூழ், சுற்றிலும் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான நார், மேலும் கீழும் மெல்லிய எலும்புத் தகடுகள் என்பது அதன் அமைப்பு. அழுத்தம் மிகும்போது பெரும்பாலும் முதலில் விரிசல் விடுவது அந்தத் தகடுதான். வட்டுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, தகட்டின் வழியே கசிந்து வருவதுதான் உணவு. ஆகவே காயம் ஆறுவது மெல்ல. வட்டின் உட்பகுதியில் வலி நரம்பும் இல்லை; ஆகவே முதல் விரிசல்கள் சத்தமில்லாமல் விழும். ஒரு நாள் காலை கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தபோது பிடித்துக்கொண்டது என்று பலர் சொல்வதில் பொய் இல்லை. துண்டின் மேல் பழி போடுவதுதான் தவறு.

இதை எண்ணிக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2005-ல் காலகரும் சகாக்களும், இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த கீழ்முதுகுக் கணுக்களை எந்திரத்தில் பொருத்தி, 9 கிலோ எடையைத் தூக்கும்போது விழும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். நிமிர்ந்த நிலைக்கான அழுத்தத்தில் கணுக்கள் சராசரியாக 8253 தடவை தாங்கின. 22.5 பாகை வளைவில் 3257. 45 பாகை வளைவில் 263. இறந்த எலும்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளாது. உயிருள்ளது இரவெல்லாம் பார்க்கும். அதனால்தான் நாம் 264-வது குனிவில் உடைந்து விழுவதில்லை. ஆனாலும் 9 கிலோ என்பது ஒரு கைக்குழந்தையின் எடை. வளைந்த முதுகுக்கு அதுகூட இப்படியென்றால், அறுவடைக் காலத்தில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சிப்பம் தூக்குபவரின் உடம்பில் பழுதுக்கும் பழுது பார்ப்புக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தை ஊகித்துக்கொள்ளலாம். முதுகுக் காயத்தை விபத்து என்பதைவிடத் தேய்மானம் என்பது பொருத்தம். திரும்பத் திரும்ப வளைத்த கம்பி ஒடிவதைப் போல.

அப்படியானால் வளையாமல் தூக்கக் கற்றுக்கொடுத்தால் போதாதா? மிக நியாயமான கேள்வி. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதித்துப் பார்த்த கேள்வியும்கூட. 1997-ல் டால்ட்ராயும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க அஞ்சல் துறையின் ஏறக்குறைய 4000 ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு முதுகுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, ஐந்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் அறிவு கூடியது. காயம் குறையவில்லை. 2008-ல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த மதிப்பாய்வும், தூக்கும் முறைப் பயிற்சி முதுகுவலியைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்றே முடித்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். முழங்காலை மடக்கித் தூக்கும் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பொருள் இரண்டு முழங்காலுக்கு நடுவே அடங்க வேண்டும். நெல் சிப்பம் அடங்காது. முழங்காலை மடக்கினால் மூட்டை முழங்காலுக்கு முன்னால் போய்விடும், தூரம் கூடும், லாபம் நஷ்டமாகும். அதோடு, ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுவதையும் இறக்கி ஏற்ற வேண்டியிருப்பதால் மூச்சு வாங்கும். களைத்த உடம்பு சீக்கிரமே குனிந்து தூக்கும் வழிக்குத் திரும்பிவிடும். அது சோம்பலால் அல்ல, உடம்பு போடும் சிக்கனக் கணக்கு. அதை வகுப்பெடுத்து மாற்ற முடியாது.

இடுப்பு பெல்ட்டைப் பற்றி ஒரு வரி போதும். அமெரிக்காவில் 160 கடைகளில் 9377 ஊழியர்களைத் தொடர்ந்து, 2000-ல் வெளிவந்த ஆய்வில், பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் காயத்தில் வேறுபாடு தெரியவில்லை.

ஆக, ஆளை மாற்றுவது கடினம். இடத்தை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? இதற்கு நியோஷ் 1991-ல் திருத்தி அமைத்த ஒரு சூத்திரம் கைகொடுக்கிறது. மிக வசதியான நிலையில் இரண்டு கையால் தூக்க 23 கிலோவை அது உச்சமாக எடுத்துக்கொள்கிறது. பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கும் ஆண்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏற்ற எடை என்ற கணக்கில். பிறகு ஒவ்வொரு அசௌகரியத்துக்கும் அதிலிருந்து கழித்துக்கொண்டே போகிறது. கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அறுவடை எந்திரத்திலிருந்து டிராக்டர் ட்ரெய்லரில் வந்த நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது. ஈரம் பார்த்து, தூற்றி, சாக்கில் அள்ளி, தரையில் இருக்கும் மின்னணுத் தராசில் 40 கிலோ நிறுத்து, கோணூசியால் வாயைத் தைத்து, தூக்கி அட்டி போட வேண்டும். தரையில் கிடக்கும் சிப்பத்தைப் பிடிக்கும்போது கை தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், கணுக்காலிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் என்று வைப்போம். தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். சாக்கில் பிடிக்கக் காது இல்லை, அதற்கும் ஒரு கழிவு. கணக்கு 9 கிலோவில் வந்து நிற்கிறது. நிமிடத்துக்கு ஒன்று என்று நாள் முழுக்கத் தூக்குவதானால் 7 கிலோவுக்கும் கீழே. தூக்குவதோ 40.

இப்போது தராசை இரண்டடி உயரத் திண்டின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் கணக்கைத் திரும்பப் போடலாம். கை 75 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. சூத்திரத்தின் கண்ணில் மனித உடம்புக்கு மிகச் சாதகமான உயரம் அதுதான். குனியத் தேவையில்லாததால் மூட்டையை ஒட்டி நிற்க முடிகிறது, தூரம் 40-லிருந்து 30 சென்டிமீட்டராகிறது. விடை 15 கிலோ. நாள் முழுக்கத் தூக்குவதானால் பதினொன்றரை. பயிற்சி இல்லை, பெல்ட் இல்லை, ஆள் மாறவில்லை. சிமெண்டும் செங்கல்லும் சேர்ந்து வரம்பை ஏறக்குறைய எழுபது சதவீதம் உயர்த்திவிட்டன. தராசிலிருந்து அட்டிக்கு உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டியிருந்தால், 30 பாகை முறுக்கலுக்கே இன்னொரு பத்து சதவீதம் போகும். தராசை நேராகத் திருப்பி வைத்தால் அது மிச்சம். இருந்தாலும் 40 கிலோ என்பது பதினொன்றரையின் மூன்றரை மடங்கு. திண்டு போட்டாயிற்று, பிரச்சினை தீர்ந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். சுமந்து நடப்பதற்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் இந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்ட சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நிறுத்துவது வழக்கம். அதன் உயரத்தைக் கவனித்தால் காரியம் புரியும். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் சுமையை அப்படியே கல்லின் மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். கிளம்பும்போது அப்படியே தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டாம். சுமை ஒரு தடவை உயரத்துக்கு வந்துவிட்டால் பிறகு அதைத் தரைக்கு விடாதே என்பதுதான் அந்தக் கல்லில் அடங்கியிருக்கும் பொறியியல். ஒவ்வொரு தடவை தரையில் போடும்போதும், முன்பு பட்ட பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். களத்தில் சிப்பம் எத்தனை தடவை தரையைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்: நிரப்பும்போது, நிறுக்கும்போது, தைக்கும்போது, லாரிக்குக் காத்திருக்கும்போது. இவற்றில் இரண்டை ஒழித்தாலே பாதிக் குனிவு ஒழிந்தது.

லோடுமேன்களுக்கு இது தெரியாததில்லை. தரையில் கிடக்கும் மூட்டையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்றுவதை அவர்கள் முடிந்தவரை தவிர்ப்பார்கள். இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கிவிட, மூன்றாமவர் கீழே தலையைக் கொடுப்பார். கையில் இருக்கும் கொக்கி, பிடியே இல்லாத சாக்குக்கு ஒரு பிடியை உண்டாக்குகிறது. தலைக்குப் போனபின் சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்பதால் வெள்ளிக்கோலின் நீண்ட கை காணாமல் போகிறது. சும்மாடு பாரத்தைப் பரப்பிவிடுகிறது. கென்யாவின் லுவோ பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்துக்கொண்டு கூடுதல் சக்தி செலவில்லாமல் நடப்பதாக 1986-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதற்காகத் தலைச்சுமையைக் கொண்டாடவும் வேண்டாம். இடுப்பு தப்பிக்கும் பாரத்தைக் கழுத்து வாங்கிக்கொள்கிறது, கால் வழுக்கினால் விழுகிறவர் மூட்டையோடு விழுகிறார். லாரிக்குச் சாய்த்துப் போட்ட ஒற்றைப் பலகையில் மழை நாளில் ஏறுவது எந்தச் சூத்திரத்திலும் அடங்காத ஆபத்து. தரை சமமாகவும் காய்ந்தும் இருக்கும் இடத்தில் சக்கரத்துக்கு மேல் வேறெதுவும் இல்லை. வரப்பிலும் சேற்றிலும் சக்கரம் ஓடாது என்பதால்தான் மனிதத் தலை இன்னும் வேலையில் இருக்கிறது.

மூட்டையைச் சிறிதாக்கினால் நடை அதிகமாகும், மொத்தத்தில் ஒன்றுதானே என்ற ஆட்சேபம் கனமானது. மொத்தச் சுமை ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல. எலும்பும் நாரும் தேய்வது எடைக்கு நேர் விகிதத்தில் நடப்பதில்லை. எடை கொஞ்சம் கூடினால் தேய்மானம் பல மடங்கு கூடும். நியோஷ் அட்டவணையிலும் இதன் சாயல் உண்டு: நாள் முழுக்க நிமிடத்துக்கு ஒரு தடவை என்பது இரண்டு தடவையானால் வரம்பு சுமார் 13 சதவீதம்தான் குறைகிறது, எடையோ பாதியாகிறது. கலிஃபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் இதை நேரில் சோதித்தார்கள். நிரம்பினால் சுமார் 26 கிலோ வரும் தொட்டிக்குப் பதிலாக 21 கிலோ வரும் தொட்டியைப் பறிப்பவர்களிடம் கொடுத்தார்கள். ஐந்து கிலோதான் வித்தியாசம். தசை, மூட்டு வலிப் புகார்கள் கணிசமாகக் குறைந்தன. இதில் ஒரு பொறி இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும் இடத்தில் மூட்டையைப் பாதியாக்கிக் கூலியையும் பாதியாக்கினால், மனிதர்கள் இரண்டு இரண்டாகத் தூக்குவார்கள். 25 கிலோ அரிசிப் பையை இரண்டாக அடுக்கித் தோளில் வைத்துப் போவதை எந்த மண்டியிலும் பார்க்கலாம். எடையைக் குறைக்கிறவர் கூலியைக் கிலோவுக்குக் கணக்குப் போட வேண்டும், அல்லது நாளுக்கு. மறுகோடிக்கும் போகலாம்: 500 கிலோ, 1000 கிலோ பிடிக்கும் ஜம்போ பை. அதைத் தூக்க எவரும் துணிய மாட்டார்கள், எந்திரம் வந்தே தீர வேண்டும். மனித உடம்புக்கு ஆபத்தான எடைகள் நடுவில் இருப்பவைதான். முடியும்போலத் தோன்றும் எடைகள்.

எங்கள் தாத்தா 100 கிலோ மூட்டையை அநாயாசமாகத் தூக்கினார் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. கதை உண்மையாகவே இருக்கலாம். தூக்க முடியாமல் போனவர்கள் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்களைப் பற்றிக் கதை இல்லை. இன்றும் களத்தில் நிற்பவர்களை மட்டும் கணக்கெடுத்தால் சுமை தூக்குவது உடம்புக்கு நல்லது என்றுகூட முடிவு வரும். இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஃபின்லாந்திலிருந்து வந்தது. ஒருவர் கடின உழைப்பிலும் மற்றவர் இலேசான வேலையிலும் வாழ்ந்த இரட்டையர்களின் முதுகைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வில், வட்டுத் தேய்மானத்தில் வாழ்நாள் சுமையின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது, பரம்பரையின் பங்கு பெரியது என்று தெரியவந்தது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் படத்தில் தெரியும் தேய்மானம் வேறு, வேலையில் படும் காயம் வேறு. தேய்ந்த வட்டோடு வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம். 48 தொழிற்சாலைகளில் 400-க்கும் மேற்பட்ட தூக்கும் வேலைகளை மராஸும் சகாக்களும் 1993-ல் ஒப்பிட்டபோது, முதுகுக் காயம் மிகுந்த வேலைகளைப் பிரித்துக் காட்டிய காரணிகளில் முன்னால் நின்றது எடையும் தூரமும் சேர்ந்த அதே பெருக்கல்தான். பரம்பரை ஆய்வு எனக்குச் சொல்வது இன்னொன்று: சிலருக்குப் பிறவியிலேயே நார் பலவீனம், அது யாருக்கு என்று வேலைக்குச் சேர்க்கும்போது கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே களத்தை அமைப்பவர் பலவீனமான முதுகை மனதில் வைத்துத்தான் அமைக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் பைசா செலவில்லை. இரவில் படுத்திருக்கும்போது வட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுதல் உயரம். எழுந்து நடமாடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பாதி போய்விடும். உப்பிய வட்டு வளைவதற்கு முரண்டு பிடிக்கும், அதன் நார்களில் இழுவிசை அப்போதுதான் மிக அதிகம். 1998-ல் ஸ்னூக்கும் சகாக்களும், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைக் காலை எழுந்ததும் குனியாமல் இருக்கச் சொன்னபோது, வலி குறைந்ததைக் கண்டார்கள். உழவர் சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றுவதோ விடிவதற்கு முன்பு, பாயிலிருந்து எழுந்த கையோடு. வண்டி கட்டுவது, கயிறு எடுப்பது, கணக்கு எழுதுவது போன்ற இலகுவான வேலைகளை முன்னால் வைத்து, மூட்டையை முக்கால் மணி நேரம் தள்ளினால் போதும். நாற்று நடுகிறவர்களுக்கும் தூரப் பயணம் வந்த லாரி ஓட்டுநருக்கும் இதன் மறுபக்கம். நெடுநேரம் குனிந்தோ வளைந்து உட்கார்ந்தோ இருந்தால் முதுகின் நார்கள் நீண்டு தளர்கின்றன. 20 நிமிடம் குனிந்திருந்தவர்களின் முதுகு, நிமிர்ந்து இரண்டு நிமிடம் கழித்தும் பாதி விறைப்பைத்தான் மீட்டிருந்தது என்று மெக்கிலும் பிரவுனும் 1992-ல் அளந்தார்கள். நடவு முடித்துக் கரையேறிய கையோடு ஈர நாற்றுக்கட்டைத் தூக்குவதும், வண்டியை நிறுத்திய கையோடு மூட்டை இறக்குவதும் அந்தத் தளர்ந்த நிலையில்தான் நடக்கின்றன.

செலவு யாருடையது என்ற கேள்விதான் மிச்சம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் அதிகபட்ச எடை பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. உடன்படிக்கையில் எண் இல்லை. கூடவே வந்த பரிந்துரையில்தான் வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்று இருக்கிறது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளைப் பார்த்தால் அது தாராளமான எண். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-வது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு சுமையை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. வயலும் வரப்பும் தொழிற்சாலை இல்லை. எந்திரம் வந்தால் லோடுமேன் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் நியாயமானது, அறுவடை எந்திரம் வந்தபோது அது பலித்தும் இருக்கிறது. நான் இங்கே பேசுவது ஆளை விலக்கும் எந்திரத்தைப் பற்றி அல்ல. திண்டுக்கு ஆள் வேண்டும். இடுப்பு உயரத்தில் சாக்கை மாட்டி மேலிருந்து நெல்லை விழவிடும் தொட்டிக்கும் ஆள் வேண்டும். அதே ஆட்கள், அதே சிப்பம், தரைக்குப் பதிலாக இரண்டடி மேலே.

மழைக்காலத்தில் களத்துக்குப் போனால் ஒன்றைப் பார்க்கலாம். அட்டி போடுவதற்கு முன்பு அடியில் மரச்சட்டமோ கல்லோ பரப்பியிருப்பார்கள். அதன் மேல்தான் முதல் வரிசைச் சிப்பம், எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். நெல் ஈரம் குடிக்கக் கூடாது என்பதற்காக அரையடி உயரம். பக்கத்தில், வெறும் தரையில், தராசு.